சலூன் விலையும் மத்திய வங்கியும்

கொழும்பில் ஒரு விலை எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று யாராவது கேட்டால், எந்தத் தெருவில் என்று திருப்பிக் கேட்பேன். செட்டியார் தெருவில் தங்கத்துக்குக் காலையில் ஒரு விலை, பின்னேரம் இன்னொரு விலை. அதற்காகக் கடைக்காரர் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை, வாங்க வந்தவரும் கேட்பதில்லை. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பெரிய வெங்காயம் எத்தனை லொறி வந்தது என்பதைப் பார்த்து ஏறும், இறங்கும். அங்கிருந்து நூறாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தையில் இறங்கினால் கதை வேறு. தலைமயிர் வெட்டும் கூலி வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். டியூஷன் காசு கூடுவதென்றால் ஜனவரியில்தான். வீட்டு வாடகை, ஒப்பந்தம் முடியும்வரை அசையாது.

நான் பொருளியல் படித்தவன் இல்லை. பலசரக்குச் சாமான்களைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் விலைப்பட்டியல் போடுவது என் வேலை. எந்தப் பொருளுக்கு எப்போது விலை மாற்றுவது, ரெப்மாரிடம் எப்படிச் சொல்வது, பழைய விலையில் ஓடர் தந்த கடைக்காரரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் என் நாள். உலகத்துப் பெரிய பொருளியலாளர்கள் பலர் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் எழுதியதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நிறுவனங்கள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை விலையை மாற்றுகின்றன? மத்திய வங்கி வட்டியைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் நடப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு மிகப் பெரியது. நாட்டில் எல்லா விலையும் எல்லாச் சம்பளமும் அன்றன்றே மாறிவிடும் என்று வையுங்கள். அப்போது மத்திய வங்கி பணத்தைக் கூட்டினால் விலைகள் அதே அளவு கூடும், குறைத்தால் அதே அளவு குறையும். விற்கிற மூட்டைகளின் எண்ணிக்கையும் வேலைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையும் மாறுவதற்குக் காரணமே இருக்காது. நடைமுறையில் வட்டி கூடினால் கடை மந்தமாகிறது, கட்டட வேலை நின்றுபோகிறது, ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். தேவை குறைந்த அளவுக்கு விலை உடனே இறங்குவதில்லை, அதனால் விற்பனை இறங்குகிறது என்பது பொருளியலாளர்கள் தரும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று. என்னைப்போலப் பட்டியலை மாற்றாமல் வைத்திருக்கும் ஆட்கள்தான், தெரிந்தோ தெரியாமலோ, மத்திய வங்கிக்குப் பலம் கொடுக்கிறோம்.

இதைக் கணக்கில் அடக்க 1983இல் கில்லெர்மோ கால்வோ என்ற ஆர்ஜென்டினப் பொருளியலாளர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு நிறுவனமும் லொத்தர் சீட்டு எடுப்பதுபோல. சீட்டு விழுந்தவர் இந்த மாதம் விலையை மாற்றலாம், விழாதவர் பழைய விலையோடு காத்திருக்க வேண்டும். யாரும் நிஜமாக இப்படி விலை வைப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். கணக்கு சுலபமாக வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீட்டு விழும் வாய்ப்பு எவ்வளவு என்ற எண்ணில்தான் பெரும்பாலும், வட்டி மாற்றத்தின் தாக்கம் சில மாதம் நீடிக்குமா சில வருடம் நீடிக்குமா என்பது தங்கியிருக்கிறது. ஆகவே எல்லாரும் அந்த எண்ணைத் தேடி ஓடினார்கள்.

2004இல் மார்க் பில்ஸும் பீட்டர் கிளெனோவும் அமெரிக்க நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்காகத் திரட்டிய தரவைப் பிரித்துப் பார்த்து, நுகர்வில் பாதிக்கு விலைகள் 4.3 மாதம் அல்லது அதற்கும் குறைவாகவே நிற்கின்றன என்றார்கள். அதுவரை பலர் நம்பியிருந்ததைவிட இது மிகக் குறைவு. அப்படியானால் மத்திய வங்கிக்கு அவ்வளவு பலம் இல்லையா என்ற சந்தேகம் எழுந்தது. 2008இல் எமி நகமுராவும் யோன் ஸ்டெய்ன்சனும் வந்து, ஒஃபர் விலைகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்றார்கள். கழித்தால் 8 முதல் 11 மாதம் வரை வருகிறது.

கொழும்புக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வார இறுதியில் இன்ன வங்கியின் அட்டைக்கு மரக்கறியில் இவ்வளவு கழிவு, மீனில் இவ்வளவு கழிவு என்று சுப்பர்மார்க்கெட்டுகளில் பலகை தொங்கும். வெள்ளிக்கிழமை குறைந்த விலை திங்கட்கிழமை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இரண்டு தடவை விலை மாறியதாகப் பதிவேட்டில் விழும், உண்மையில் கடைக்காரர் ஒன்றையும் புதிதாக யோசிக்கவில்லை. மத்திய வங்கி வட்டியைக் கூட்டிய செய்தி அந்த ஒஃபர் பலகைக்குப் போய்ச் சேராது.

சராசரி எண்ணில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில்ஸ், கிளெனோ பட்டியலிலேயே பெற்றோல் விலை பெரும்பாலான மாதங்களில் மாறுகிறது, காசு போட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் கட்டணமோ நூறு மாதத்தில் ஒரு தடவைக்குச் சற்று மேல்தான் மாறுகிறது. செட்டியார் தெருவையும் வெள்ளவத்தைச் சலூனையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் தெரு கொழும்பில் எங்கேயும் இல்லை.

ஏன் சலூன்காரர் மாற்றுவதில்லை? நான் வழக்கமாகப் போகும் இடத்து அண்ணரிடம் கேட்டேன். பண்டாரவளைப் பக்கத்து ஆள், கத்தரிக்கோலை நிறுத்தாமலே பதில் சொன்னார். "நான் மட்டும் கூட்டினா ஆள் அடுத்த கடைக்குப் போயிரும் தம்பி. அவன் கூட்டட்டும், பின்னாடியே நானும் கூட்டுறேன்." அடுத்த கடைக்காரரும் இதையேதான் சொல்லியிருப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரின்ஸ்டன் பேராசிரியர் அலன் பிளைண்டர் தன் மாணவர்களை அனுப்பி 200 அமெரிக்க நிறுவனங்களிடம் நேரில் இதே கேள்வியைக் கேட்டார். முதலில் கூட்டுகிறவனாக இருக்க விருப்பமில்லை என்ற விளக்கத்துக்குத்தான் அதிக ஆதரவு கிடைத்தது. பாடநூல்கள் முன்னால் வைத்த காரணம், அதாவது விலையை மாற்றுவதற்கே ஆகும் செலவு, அந்த வரிசையில் நடுவில்தான் வந்தது.

ஆனாலும் அந்தச் செலவைச் சும்மா தள்ளிவிட முடியாது. அமெரிக்க சுப்பர்மார்க்கெட் சங்கிலிகளில் விலை மாற்றும் வேலைக்கு ஆகும் செலவை 1997இல் டானியல் லெவியும் கூட்டாளிகளும் அளந்தார்கள். வருமானத்தில் 0.7 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அவர்களின் நிகர இலாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. எங்களுக்கு இதோடு சட்டமும் சேர்கிறது. பொதியில் அச்சிட்ட அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வழக்குப் போடும். அச்சடித்த உறை களஞ்சியத்தில் மலைபோல் கிடக்கும்போது விலையைக் கூட்டுவதென்றால் உறையை எறிய வேண்டும், அல்லது ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பொதியின் எடையைக் குறைத்து விலையை அப்படியே விடும் தந்திரம் இந்தச் சங்கடத்தில் பிறந்ததுதான். விலை மாறவில்லை என்று பதிவாகும், பிஸ்கற்றை எண்ணிப் பார்க்கிற பிள்ளைக்கு உண்மை தெரியும்.

2022க்கு முன் எங்கள் கந்தோரில் பட்டியல் வருடத்துக்கு இரண்டு தடவை மாறும். சித்திரைப் புத்தாண்டு விற்பனை முடிந்த கையோடு ஒன்று, வருட முடிவில் ஒன்று. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் திகதிகளில் உட்கார்ந்து பார்ப்போம், இடையில் பார்க்க மாட்டோம். தேவையைப் பார்க்காமல் முறை வந்தால் மாற்றுவதால், கால்வோவின் லொத்தருக்கு இது ஓரளவு கிட்ட வரும்.

பிறகு அந்த வருடம் வந்தது. அதற்கு முன்னரே, 2021 ஒக்டோபரில், பால்மா, எரிவாயு, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாட்டு விலையை அரசாங்கம் விலக்கியிருந்தது. 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,675க்குத் தாவி, 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், அதாவது அதன் பெறுமதியைச் சந்தையிடம் விட்டார்கள். 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டிப் போனது. 92 ஒக்டேன் பெற்றோல் வருடத் தொடக்கத்தில் 177, ஜூன் முடிவில் 470. பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 20, 27, 32, 40 என்று ஜூலைக்குள் ஏறி, ஓகஸ்டில் 34க்கு இறங்கியது. கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்டுச் சண்டை போடக்கூட நேரமில்லாத வேகம்.

எங்கள் பட்டியல் முதலில் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு வாரத்துக்கு ஒன்றாகி, ஒரு கட்டத்தில் பட்டியல் என்ற தாளே இல்லாமல் போனது. காலையில் வட்ஸ்அப்பில் ரெப்மாருக்கு விலை போகும், "இன்று மட்டும்" என்ற குறிப்போடு. பருப்பு எடுக்கும் இடத்து முதலாளியிடம் நேற்றைய விலையைச் சொல்லிப் பேரம் பேசப் போனேன். "தம்பி, நேத்து வித்த காசுக்கு இன்டைக்கு அதே சரக்கு வாங்க ஏலாது. அப்ப நேத்து நான் வித்தது லாபமா நட்டமா?" என்றார். அன்றிலிருந்து வாங்கிய விலையை மறந்துவிட்டு, திரும்ப வாங்க ஆகும் விலையைப் பார்த்து விற்கப் பழகினோம். சில்லறைக் கடைகளில் பழைய விலை அச்சிட்ட பொதிகள் தட்டிலிருந்து மறைந்தன. எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.

மெக்சிகோவின் விலைகளை 1994 முதல் 2002 வரை ஆராய்ந்த எத்தியென் கன்யோன் சொல்வது எங்கள் அனுபவத்தோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. பணவீக்கம் 10, 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை, அது கூடினாலும் குறைந்தாலும் விலை மாறும் தடவைகள் பெரிதாக மாறுவதில்லை. கூடும் விலைகள் அதிகரித்தால் குறையும் விலைகள் சுருங்கி ஈடுசெய்துவிடும். அந்த எல்லையைத் தாண்டியதும் விலை குறைப்பு என்பதே கிட்டத்தட்ட மறைந்துபோகும், மாற்றங்கள் அடிக்கடி நிகழத் தொடங்கும். ஆக, 4.3 மாதம், 8 மாதம் என்பதெல்லாம் இயற்கை தந்த எண்கள் இல்லை. பணவீக்கம் எப்படியோ அவையும் அப்படி.

எதை முதலில் கூட்டினோம் என்பதும் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்ட எங்களுக்கு ஆள் பலம் இல்லை. விலை எங்கே அதிகம் பின்தங்கி நிற்கிறதோ அங்கே முதலில் கைவைத்தோம்: பருப்பு, பால்மா, ரின்மீன். உள்ளூர்ச் சாமான் காத்திருந்தது. 2007இல் மிக்கைல் கொலோசொவும் ரொபர்ட் லூக்கஸும் காட்டியது இதைத்தான். சீட்டுக் குலுக்காமல், மிகவும் பிசகிய விலைகளையே தேர்ந்து மாற்றினால், கொஞ்ச விலைகள் மாறினாலும் பொதுவிலை மட்டம் வேகமாக நகர்ந்துவிடும். பணக் கொள்கையால் உற்பத்தியில் நிகழும் தாக்கம் சின்னதாக, சீக்கிரம் முடிந்துபோவதாக இருக்கும். இதற்கு விர்ஜிலியு மிட்ரிகன் 2011இல் ஒரு மறுப்பு வைத்தார். கடைகள் பல பொருள் விற்பவை, ஒன்றுக்காகப் பட்டியலைத் திறந்தால் தேவையில்லாததையும் சேர்த்து மாற்றிவிடும், ஆகவே தேர்வு அவ்வளவு கூர்மையானது இல்லை என்று. அவர் எங்கள் கந்தோருக்கு வந்து போனாரோ என்று நினைக்கும் அளவுக்குச் சரி. பருப்புக்காகத் தாள் அடிக்கும்போது தீப்பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி, புதிதாகப் பதவியேற்றிருந்த ஆளுநர் நந்தலால் வீரசிங்கவின் கீழ் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. வங்கிகளுக்கு மத்திய வங்கி கடன் கொடுக்கும் வட்டியான துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 7.5இலிருந்து 14.5. அன்று மாலை கந்தோரில் யாரும் விலையைக் குறைப்பது பற்றிப் பேசவில்லை. பேசியது செக் பற்றி. புறக்கோட்டை வியாபாரம் பின்திகதியிட்ட செக்கில் ஓடுவது. இன்று சரக்கு, 45 நாளில் காசு. வட்டி ஏறியதும் அந்த 45 நாளுக்கு ஒரு விலை வந்துவிட்டது. அந்த வருடக் கடைசியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 சதவீதத்துக்கு மேல் போனது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தால் அவ்வளவு கிடைக்கும்போது, கடைக்காரருக்குச் சும்மா கடன் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கைக்காசுக்கு ஒரு விலை, செக்குக்கு ஒரு விலை என்று வைத்தோம். வட்டியைக் கூட்டியதால் எங்கள் செக் விலை முதலில் ஏறத்தான் செய்தது. விளைவு வேறு வழியில் வந்தது: கடைகள் குறைவாக எடுத்தன, சரக்கு தேங்கியது, தேங்கிய பிறகுதான் "இன்று மட்டும்" என்ற குறிப்பு வட்ஸ்அப்பிலிருந்து போனது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த வருடம் அதே மாதம் 1.3. நாட்டின் உற்பத்தி 2022இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வருடத்துக்கு வருடம் ஒப்பிடும் கணக்கில், முந்தைய வருடத்து உச்சமே இந்த வருடத்து எண்ணைத் தாழ்த்திக் காட்டும் என்பதையும், ரூபாய் நிலைத்தது, எரிபொருள் விலை இறங்கியது என்பவற்றையும் கழித்துத்தான் மத்திய வங்கியின் பங்கைச் சொல்ல முடியும். அந்தப் பங்கு பெரியது என்றே நினைக்கிறேன். ஆனால் அது வேலை செய்த இடம் எது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு.

எங்கள் சுட்டெண்ணை அதிகம் ஆட்டுகிற விலைகளில் பலவற்றை நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை. பெற்றோல், எரிவாயு, மின்சாரம், பஸ் எல்லாம் அரசின் கையில், அல்லது அரசு ஒப்புதல் தரும் சூத்திரத்தின் கையில். மின்கட்டணத்தைப் பாருங்கள். 2013க்குப் பிறகு கூட்டவே இல்லை. 2022 ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். எந்தச் சலூன்காரரும் இவ்வளவு பொறுத்து இவ்வளவு தாவியதில்லை. பிறகு 2024இல் இரண்டு தடவை குறைத்து, 2025 ஜனவரியில் மேலும் 20 சதவீதம் குறைத்தார்கள். எரிபொருளும் இறங்கியதால் 2024 செப்டெம்பரிலேயே பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது, 2025 பெப்ரவரியில் மறை 4.2 வரை. மத்திய வங்கியின் இலக்கு 5 சதவீதம். இரண்டு காலாண்டு தொடர்ந்து இலக்கை விட்டு, அனுமதித்த எல்லைக்கு மேல் விலகினால், 2023இன் மத்திய வங்கிச் சட்டப்படி பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்து விளக்க வேண்டும். கொடுத்தார்கள்.

அந்த மாதங்களில் கந்தோர் மதியச் சாப்பாட்டில் ஒரே பேச்சு: விலை குறைகிறதாம், சோற்றுப் பாசல் ஏன் குறையவில்லை? கேள்வி நியாயமானது, கோபமும் நியாயமானது. சுட்டெண் பொய் சொல்லவில்லை. மின்சாரமும் எரிபொருளும் இறங்கியது உண்மை. சோற்றுப் பாசலில் அரிசி, மரக்கறியோடு சமையல்காரரின் சம்பளம், கடை வாடகை, 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 சதவீதமான வற் வரியின் தாக்கம் எல்லாம் இருக்கின்றன. அவை இறங்கவில்லை. அந்தக் காலம் முழுவதும், வேகமாக ஆடும் பொருட்களை நீக்கிக் கணக்கிடும் மையப் பணவீக்கம் பூச்சியத்துக்கு மேலேயே நின்றது. மறைப் பணவீக்கம் என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்து, வட்டியை இன்னும் வேகமாகக் குறைக்கவில்லையே என்று மத்திய வங்கியைத் திட்டியவர்களும், இப்போதுதான் விலை குறைந்தது என்று கொண்டாடியவர்களும் பார்த்தது ஒரே வேகமான விலைகளைத்தான். மத்திய வங்கி பிடிக்கக்கூடியது சலூனை, டியூஷனை, வாடகையை, பாசலை. அவை மெதுவாக அசைவதால்தான் பிடிக்க முடிகிறது. வட்டி முடிவைப் பற்றிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் அந்த மெதுவான விலைகளின் போக்கைச் சொல்லிவிட்டுப் பேசட்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, கந்தோர்ப் பழக்கம் பழையபடி திரும்பவில்லை. 2025 ஓகஸ்டில் பணவீக்கம் 1.2 சதவீதமாகப் பூச்சியத்தைத் தாண்டியபோதும் எங்கள் விலைக்கூட்டம் மாதாமாதம் நடந்துகொண்டுதான் இருந்தது. பெரும்பாலும் மாற்றம் இல்லை என்று எழுதிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைகிறோம். ஆனால் கருவி தயாராக இருக்கிறது. வற் வரி கூடியபோது முழுப் பட்டியலும் ஒரே இரவில் மாறியது, முன்பென்றால் வாரங்கள் எடுத்திருக்கும். சாப்பாட்டுக் கடைகளில் அச்சடித்த மெனுவுக்குப் பதிலாகப் பலகையோ கியூஆர் குறியோ வந்துவிட்டது. இதே மாற்றம் எல்லா நிறுவனத்திலும் நடந்திருந்தால், டொலர் அடுத்த தடவை ஆடும்போது விலைகள் 2022ஐவிட விரைவாக ஓடும், வட்டி கூடும்போது வேலையிழப்பு கொஞ்சம் குறையலாம்.

இதை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்து உத்தியோகத்தர்கள் கொழும்புச் சுட்டெண்ணுக்காகக் கடை கடையாகப் போய் விலை குறிக்கிறார்கள். இன்ன பொருள், இன்ன மாதம், இன்ன விலை என்ற அந்தப் பதிவுகளை 2019க்கும் 2025க்கும் வரிசையாக அடுக்கி, விலை மாறிய மாதங்களை எண்ணினால் போதும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளை யாராவது இதை எடுத்துச் செய்யட்டும். நானாக இருந்தால் முதலில் 2025இன் சேவை விலைகளைப் பிரித்து, அவற்றில் எத்தனை ஒரு ரூபாயாவது குறைந்தன என்று பார்ப்பேன். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது என் பந்தயம்.